சத்தம் போட்டு வாசித்த புத்தகங்கள்



இன்று என்னைப் பேச அழைத்த அறக்கட்டளையை ஏற்படுத்திய அம்மா ஒரு தொடக்கப் பள்ளி ஆசிரியை. ஓய்வு பெற்றபோது கைக்கு வந்த பணத்தில் ஒரு பகுதியை வங்கியில் போட்டார். அதன் வட்டியில் ஆண்டுதோறும் கிராமச் சபைகளுக்குப் புத்தகம் வாங்கிக் கொடுக்க வேண்டும். விசுவாசத்தில் வளர உதவும் நூல்களைப் பற்றி யாராவது ஒருவர் வந்து பேச வேண்டும். இவ்வளவுதான் அவர் எழுதிவைத்த ஏற்பாடு. அந்தக் கடிதத்தைப் பொறுப்பாளர்கள் எனக்குக் காட்டினார்கள். ஒரே பக்கம். கோடு போட்ட நோட்டுத் தாளில், கரும்பலகையில் எழுதிப் பழகிய உருண்டை எழுத்து. கடைசியில், பேனாவின் மை மாறிய பிறகு, எழுத்து தெரியாதவர்களையும் நினைத்துக்கொண்டு புத்தகம் வாங்குங்கள் என்று சேர்த்திருக்கிறார்.

அந்த வரி இரண்டு மாதமாக என்னை விடவில்லை. எழுத்து தெரியாதவருக்குப் புத்தகம் எதற்கு? இந்தக் கேள்விக்குப் பதில் தேடிப் போனதில், தமிழில் பக்தி நூல்கள் எப்படிப் பிறந்தன, எப்படி வேலை செய்தன என்பதே எனக்குப் புதிதாக விளங்கியது. அதைத்தான் இன்று சொல்ல வந்திருக்கிறேன்.

முதலில் எங்கள் வீட்டிலிருந்து தொடங்குகிறேன். எங்கள் ஆச்சிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. தேரிக்காட்டு ஓரத்து ஊர். பனையேற்றுக் குடும்பம். ராத்திரி சாப்பாடு முடிந்து, பாத்திரங்களைக் கவிழ்த்துவைத்த பிறகு குடும்ப ஜெபம். அரிக்கேன் விளக்கை நடுவில் வைத்து, வீட்டில் எழுத்துக் கூட்டத் தெரிந்த சின்னப் பிள்ளையிடம் வேதபுத்தகத்தைக் கொடுப்பார்கள். எனக்கு எட்டு வயதானபோது அந்தப் பொறுப்பு என் கைக்கு வந்தது. கறுப்பு ரெக்சின் அட்டை. முதுகு பிய்ந்துபோய், பழைய வேட்டித் துணியைப் பசை போட்டு ஒட்டியிருக்கும். முன்பக்க வெற்றுத் தாளில் பிறப்பும் இறப்பும் கல்யாணமும் நாலைந்து பேருடைய கையெழுத்தில். சங்கீதப் பக்கங்களின் கீழ்மூலை மட்டும் கருத்து, எண்ணெய் பிடித்து, ஒளி ஊடுருவும்படி ஆகியிருக்கும். குறியாக வைப்பது குருத்தோலை ஞாயிறன்று கொண்டுவந்த ஓலைத் துணுக்கு. அது காய்ந்து, தொட்டால் நொறுங்கும்.

தூக்கக் கலக்கத்தில் நான் வாசிப்பேன். சீக்கிரம் முடித்துவிட்டுப் படுக்கலாம் என்று ஒரு வசனத்தைத் தாண்டுவேன். சுவரில் சாய்ந்து கண்ணை மூடியிருக்கும் ஆச்சி, கண்ணைத் திறக்காமலே சொல்வாள்: "ஏல, ஒண்ண விட்டுட்டியே. திரும்ப வாசி."

அவளுக்கு எப்படித் தெரிந்தது? அவளும் பிள்ளையாக இருந்தபோதிலிருந்து யாரோ வாசிக்கக் கேட்டிருக்கிறாள். அறுபது வருஷக் கேள்வி. அதிகாரத்தின் நடை அவள் காதில் இருந்தது. ஒரு படி விடுபட்டால் காலுக்குத் தெரிவதுபோல அவள் காதுக்குத் தெரிந்தது. எங்கள் வீட்டில் புத்தகம் இருந்த இடம் அலமாரி என்று நான் அன்று நினைத்திருந்தேன். ஆச்சியிடம்தான் இருந்திருக்கிறது.

வாசிப்பு என்றால் மௌனமாகக் கண்ணை ஓட்டுவது என்ற எண்ணம் நமக்குப் பள்ளிக்கூடம் கொடுத்தது. பழைய காலத்தில் அப்படி இல்லை. அப்போஸ்தலர் நடபடிகளில் எத்தியோப்பிய மந்திரி ரதத்தில் உட்கார்ந்து ஏசாயாவை வாசிக்கிறார் என்று வருகிறதே, பிலிப்பு ஓடிப்போய் அவர் எதை வாசிக்கிறார் என்று எப்படிக் கண்டுபிடித்தார்? காதால் கேட்டுத்தான். மந்திரி வாய்விட்டு வாசித்திருக்கிறார். அதனால்தான் பிலிப்பு பேச்சுக் கொடுக்க முடிந்தது. மௌனமாக வாசித்திருந்தால் ரதம் தன் பாட்டுக்குப் போயிருக்கும். மிலான் நகரத்து ஆயர் அம்புரோஸ் உதடு அசையாமல் வாசித்ததை ஒரு விசேஷமாகவே அகுஸ்தீன் எழுதிவைத்திருக்கிறார். அதே அகுஸ்தீன் 386ஆம் ஆண்டு ஒரு தோட்டத்தில் மனம் உடைந்து அழுதுகொண்டிருந்தபோது, அவரைப் பவுலின் நிருபத்தைத் திறக்கவைத்ததும் பக்கத்து வீட்டிலிருந்து வந்த ஒரு பிள்ளையின் குரல்தான். புத்தகத்துக்கு முன்னால் ஒரு குரல் இருந்தது.

நம் தமிழுக்கு வருவோம். இந்திய மொழிகளில் முதன்முதலாகத் தன் சொந்த எழுத்தில் அச்சேறியது தமிழ் என்று பெருமையாகச் சொல்கிறோம். 1578 அக்டோபர் 20ஆம் தேதி கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' பதினாறே பக்கம். செய்தவர் அண்டிரிக் அடிகளார் என்று நாம் அழைக்கும் என்றிக்கே என்றிக்கசு. முத்துக்குளித்துறையில் புன்னைக்காயல் பக்கம் ஐம்பது ஆண்டுக்கும் மேல் இருந்த போர்த்துக்கீசிய இயேசு சபைத் துறவி. அச்சுக்குப் பணம் கொடுத்தவர்கள் அந்தக் கரையின் பரதவ மக்கள். சங்கு குளித்தும் முத்துக் குளித்தும் பிழைத்தவர்கள். அவர்களில் வாசிக்கத் தெரிந்தவர் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? ஆனாலும் பணம் கொடுத்தார்கள். ஏன் கொடுத்தார்கள் என்று யோசித்தால், அந்தச் சிறு நூலும் அடுத்த ஆண்டு கொச்சியில் வந்த 'கிரீசித்தியானி வணக்கம்' என்ற பெரிய நூலும் எந்த வேலைக்காகச் செய்யப்பட்டவை என்று பார்க்க வேண்டும். அவை ஞானோபதேச நூல்கள், மந்திரங்களும் ஜெபங்களும் அடங்கியவை. பெரிய நூல் குரு கேட்க, சீடன் பதில் சொல்லும் அமைப்பில் போகிறது. கோயிலில் ஒருவர் வாசித்தால் ஊரே திருப்பிச் சொல்லலாம். ஒரு பிரதி ஒரு ஊருக்குப் போதும்.

அதே அடிகளார் 1586இல் 'அடியார் வரலாறு' என்ற பெருநூலை அச்சிட்டார். புனிதர்களின் கதைகள், ஆண்டின் திருநாட்களுக்கு ஏற்ற வாசகங்கள். அதன் தமிழைப் பண்டிதர்கள் பிற்காலத்தில் குறைவாகப் பேசியதுண்டு. கரையோரத்துப் பேச்சு அப்படியே வந்து விழுந்திருக்கிறது என்பதுதான் காரணம். என் மட்டில் அதுவே அந்த நூலின் பலம். வலை உலர்த்தும் மணலில் உட்கார்ந்து கேட்பவருக்காக எழுதியவர் வேறு எந்தத் தமிழில் எழுதியிருக்க வேண்டும்?

கடலுக்கு அக்கரையிலும் இதே கதை நடந்தது. கோவாவின் திவார் தீவில் 1676இல் பிறந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார், டச்சுக்காரர்கள் கத்தோலிக்கரைத் தடைசெய்திருந்த காலத்தில், 1705இல் இலங்கைக்குப் போனார். தாய்மொழி கொங்கணி. சிங்களமும் தமிழும் கற்று இரண்டிலும் எழுதினார். அவருடைய 'வியாகுலப் பிரசங்கம்' இயேசுவின் பாடுகளைச் சொல்லும் ஒன்பது பிரசங்கங்கள். இலங்கைத் தமிழ்க் கத்தோலிக்கர் தவக்காலத்தில் அதை ஒரு தனி இராகத்தில் வாசிப்பார்கள். குருமார் அரிதாகவே வர முடிந்த ஊர்களில் குருவின் இடத்தில் அந்தப் புத்தகமே நின்று பேசியது. வாசிப்பவர் இராகம் எடுத்து, சொல்லை இழுத்து, அழுகை வரும் இடத்தில் நிறுத்தத் தெரிந்தவராக இருப்பார். அந்த வாசிப்பைத் தகப்பனிடமிருந்து மகன் கற்றுக்கொள்வான். எந்த அச்சகத்தாலும் அச்சிட முடியாத பாதி அந்த இராகத்தில் இருக்கிறது.

தரங்கம்பாடியைச் சொல்லாமல் போக முடியாது. ஆனால் அது உங்களுக்குத் தெரிந்த கதை என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். லுத்தரன் மிஷனரி சீகன்பால்கு 1706 ஜூலையில் அங்கே கரையிறங்கினார். அவருடைய புதிய ஏற்பாடு 1715இல் அச்சாகி முடிந்தது. ஐரோப்பாவிலிருந்து வந்த தமிழ் எழுத்து பெரிது, தாளோ குறைவு. ஆகவே அங்கேயே சிறிய எழுத்து வார்த்தார்கள். பொறையாற்றில் காகித ஆலையும் வைத்தார்கள். தாளுக்கு இவ்வளவு பஞ்சம் இருந்த காலத்தில் ஒரு பிரதியைச் சுற்றி எத்தனை பேர் உட்கார்ந்திருப்பார்கள் என்று நினைத்துப்பாருங்கள்.

அதிக நேரம் நிற்க வேண்டிய இடம் வேப்பேரி. 1740இல் இந்தியா வந்து, பிறகு சென்னையிலேயே வாழ்ந்து முடித்த பிலிப் பப்ரிசியுஸ் செய்த வேலையை நம் பதிப்பாளர்கள் ஒவ்வொருவரும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். மொழிபெயர்த்ததை அவர் பிறருக்கு வாசித்துக் காட்டினார். படித்தவர், படிக்காதவர், பெரியவர், சிறுவர் எல்லோரிடமும். எங்கே புருவம் நெளிகிறது, எங்கே வேறு அர்த்தம் கொள்கிறார்கள் என்று பார்த்துத் திருத்தினார். திரும்ப வாசித்தார். திரும்பத் திருத்தினார். இப்படி ஆண்டுக்கணக்காக. அவருடைய புதிய ஏற்பாடு 1772இல் வெளிவந்தது. லுத்தரன் சபையார் அதைப் பொன் மொழிபெயர்ப்பு என்று கொண்டாடினார்கள். யாழ்ப்பாணத்தில் பீட்டர் பெர்சிவல் தலைமையில், ஆறுமுக நாவலரின் துணையோடு உருவாகி 1850இல் வந்த மொழிபெயர்ப்பு நாவலர் கைபட்ட தமிழ். அதன் செம்மைக்கு யார் குறை சொல்ல முடியும்? ஆனால் அது தமிழகத்துச் சபைகளில் நிலைக்கவில்லை. ஹென்றி பவர் தலைமையிலான குழு 1871இல் முடித்த ஐக்கியத் திருப்புதலுக்கு அடிப்படையாக நின்றது பப்ரிசியுஸின் தமிழ்தான். இன்றைக்கும் நம் கோவிலில் வாசிக்கப்படுவது அதன் வழி வந்ததே. செவியில் சோதித்து எழுதிய தமிழ் நூற்றைம்பது ஆண்டு தாண்டியும் செவியில் நிற்கிறது.

இங்கே ஒரு விவாதம் உண்டு. ஐக்கியத் திருப்புதலில் கிருபை, இரட்சிப்பு, பிதா, சுவிசேஷம் என்று வடசொல் மிகுதி. கத்தோலிக்கரும் மற்றவரும் சேர்ந்து கொண்டுவந்த 1995ஆம் ஆண்டுப் பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியத்தில் அருள், மீட்பு, தந்தை, நற்செய்தி என்று இருக்கிறது. எதை வாசிப்பது என்று வாலிபர் கூட்டங்களில் என்னைக் கேட்கிறார்கள். எங்கள் ஆச்சிக்கு வடமொழி எது, தமிழ் எது என்று தெரியாது. கிருபை என்ற சொல் அவளுக்கு அகராதி வழியாக வரவில்லை. மகன் பனையிலிருந்து விழுந்து பிழைத்த அன்று ராத்திரி ஜெபத்தில் வந்தது. அதன் பிறகு அது அவளுடைய சொல். ஆகவே பழைய சொற்களைத் தூக்கி எறியச் சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் அந்த ராத்திரிகள் இல்லாமல் வளர்ந்த ஒரு கல்லூரி மாணவனுக்கு முதல் வாசிப்பில் கதவு திறக்க வேண்டும் என்றால் திருவிவிலியத்தைத்தான் கையில் கொடுப்பேன். ஒரே அதிகாரத்தை வீட்டில் பெரியவர் ஒன்றிலும் சிறியவர் மற்றதிலும் மாற்றி மாற்றி வாசிக்கட்டும். சொற்கள் ஒன்றையொன்று விளக்கிக்கொள்ளும். எங்கள் வீட்டில் மூன்று ஆண்டாக இப்படித்தான் நடக்கிறது.

வாசிப்பைவிடவும் ஆழமாக இறங்குவது பாட்டு. தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரை நாம் கீர்த்தனைக்காரராக மட்டும் நினைக்கிறோம். 1774இல் பாளையங்கோட்டையில் பிறந்து, மிஷனரி சுவார்ட்ஸ் ஐயரிடம் வளர்ந்தவர். சரபோஜி மன்னரோடு ஒன்றாகப் படித்தவர். அவர் என்னென்ன வடிவத்தில் எழுதினார் என்று பாருங்கள். 'பெத்லகேம் குறவஞ்சி' எழுதினார். நொண்டி நாடகம் எழுதினார். கும்மி எழுதினார். ஏற்றம் இறைப்பவர்களுக்காக ஞான ஏற்றப்பாட்டு எழுதினார். கிணற்றங்கரையில் சாலை இழுக்கும் கைக்கு ஒரு பக்தி நூல்! நட்சத்திரங்களும் கிரகங்களும் அவர் குறவஞ்சிக்குள் வருகின்றன; தரங்கம்பாடியிலும் தஞ்சையிலும் அவர் கற்ற புதுக் கல்வி குறத்தியின் வாயில் பாட்டாகிறது. வேலை செய்கிற உடம்புக்கு ஏற்ற தாளத்தில் விசுவாசத்தைக் கொடுக்க வேண்டும் என்று அந்த மனிதருக்குத் தெரிந்திருக்கிறது. பிறகு 1853இல் மதுரை அமெரிக்கன் மிஷனைச் சேர்ந்த எட்வர்டு வெப் ஐயர் இந்தப் பாடல்களைத் தேடிச் சேர்த்துக் கீர்த்தனைப் புத்தகமாக அச்சிட்டார். இன்று நம் கையில் இருக்கும் கீர்த்தனைப் புத்தகத்தின் வேர் அங்கே இருக்கிறது. சபைக்குப் புத்தகம் வாங்கும்போது பாட்டுப் புத்தகத்தை வழிபாட்டுச் சாமான் என்று ஒதுக்கிவிட்டு, பக்தி நூல் என்று வேறொன்றைத் தேடுகிறோம். அது தவறு என்று நினைக்கிறேன். உபதேசத்தின் பெரும்பகுதியை நம் தாய்மார் கீர்த்தனையில்தான் கற்றார்கள்.

அடுத்து ஒரு சீதனக் கதை. இங்கிலாந்தில் பெட்போர்டு பக்கம் ஒரு பாத்திரம் அடைக்கிற தொழிலாளி. பெயர் ஜான் பனியன். கல்யாணம் செய்தபோது வீட்டில் ஒரு தட்டும் கரண்டியும்கூட இல்லாத வறுமை என்று அவரே எழுதியிருக்கிறார். மனைவி கொண்டுவந்தது இரண்டு புத்தகம். அவளுடைய தகப்பன் சாகும்போது அவளுக்கு விட்டுப்போனவை. ஆர்தர் டெண்ட் எழுதிய பரலோகப் பாதை பற்றிய நூல் ஒன்று, லூயிஸ் பெய்லி எழுதிய பக்தி வாழ்க்கை பற்றிய நூல் மற்றொன்று. இருவரும் சேர்ந்து அவற்றை வாசித்தார்கள். வாசிக்கும்போது அவள் தன் தகப்பன் எப்படி வாழ்ந்தார் என்று சொல்லிக்கொண்டே இருப்பாளாம். இந்த இடத்தை நான் பலமுறை திரும்பப் படித்திருக்கிறேன். புத்தகம் ஒன்று, அதை வாழ்ந்து காட்டிய ஒரு மனிதரின் நினைவு ஒன்று, இரண்டும் ஒரே அடுப்படியில். அங்கே முளைத்ததுதான், பன்னிரண்டு ஆண்டுச் சிறைவாசத்தில் ஊறி, 1678இல் 'மோட்சப் பிரயாணம்' ஆகியது.

அது தமிழுக்கு வந்த வேகத்தைப் பாருங்கள். வேப்பேரியில் 1793இலேயே அச்சாகிவிட்டது. பிறகு பலர் மொழிபெயர்த்தார்கள்; சாமுவேல் பவுல் ஐயரின் மொழிபெயர்ப்பு வீடுகளில் நிலைத்தது. நெல்லைச் சீமையில் கரையிருப்பில் 1827இல் பிறந்த கிருஷ்ண பிள்ளை, வைணவக் குடும்பத்தில் கம்பனை உண்டு வளர்ந்தவர், சாயர்புரத்தில் தமிழாசிரியராக இருந்தபோது கிறிஸ்தவ நூல்களை நண்பர்களோடு வாசித்து விவாதித்தார். அவற்றில் மோட்சப் பிரயாணமும் ஒன்று. 1858இல் ஞானஸ்நானம் பெற்றார். தான் வாசித்த அந்தக் கதையைத் தன் கம்பனின் நடையில் பாட வேண்டும் என்று ஆசைப்பட்டு, பல ஆண்டு உழைத்தார். பாளையங்கோட்டையிலிருந்து வந்த 'நற்போதகம்' இதழில் பகுதி பகுதியாக வந்து, 1894இல் 'இரட்சணிய யாத்திரிகம்' நூலாயிற்று. வாசித்து முடித்து அலமாரியில் வைத்திருந்தால் அந்தக் காவியம் கிடைத்திருக்குமா?

கத்தோலிக்க நூலைச் சீர்திருத்தச் சபையாரும், சீர்திருத்தச் சபை நூலைக் கத்தோலிக்கரும் தொடாத காலம் ஒன்று இருந்தது. இன்னும் முழுதாக நீங்கவில்லை. தோமாஸ் கெம்பிஸ் எழுதிய 'கிறிஸ்துநாதர் அனுசாரம்' நம் வீடுகளில் எத்தனை வீட்டில் இருக்கிறது? வேதாகமத்தைக் கையால் பிரதி எடுப்பதையே பெரிய பணியாகச் செய்த துறவி அவர். அதிகாரங்கள் மிகச் சிறியவை. ஒன்றை வாசிக்க ஐந்து நிமிடம் ஆகும், விட்டு வெளியே வர ஒரு வாரம் ஆகும். விவேகானந்தர் நாடு முழுக்க நடந்த காலத்தில் கீதையோடு இந்த நூலையும் கையில் வைத்திருந்தார். ஒரு பகுதியை வங்காளத்திலும் பெயர்த்தார். அவர் தேடிப்போய் எடுத்ததை நாம் தெருவுக்கு அந்தப் பக்கத்துக் கோவில் புத்தகம் என்று விட்டுவைத்திருக்கிறோம்.

நம் ஜில்லாவிலேயே எழுதப்பட்டு, நம் மக்களில் பலருக்குத் தெரியாமல் போன எழுத்தும் உண்டு. டோனாவூரில் ஏமி கார்மைக்கேல் அம்மையார் 1931இல் விழுந்து அடிபட்ட பிறகு, 1951இல் இறக்கும்வரை ஏறக்குறைய இருபது ஆண்டு அறைக்குள்ளேயே இருந்தார். அங்கிருந்து தன் இல்லத்தாருக்கு எழுதி அனுப்பிய சிறு குறிப்புகள் பிற்பாடு ஆங்கிலத்தில் தியான நூலாகி உலகமெங்கும் போயின. ஒரு வீட்டுக்காக எழுதியதால்தான் அவற்றில் அவ்வளவு சூடு இருக்கிறது. அந்த எழுத்தெல்லாம் நல்ல தமிழில் நம் கிராமத்து மேசைகளில் இருக்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

மொழிபெயர்ப்பு என்று சொன்னதும் என் தவறு ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு பதிப்பகத்துக்காக ஆங்கிலத் தியானப் புத்தகம் ஒன்றைத் தமிழாக்கினேன். தேதி நெருக்கியது. ஒரு நாளைக்குப் பத்துப் பக்கம் என்று ஓட்டினேன். அச்சாகி வந்ததும் பெருமையோடு ஊருக்கு எடுத்துப்போய், கண் மங்கிப்போயிருந்த ஒரு பெரியம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். உங்கள் வாழ்க்கையின்மீது தேவன் கொண்டிருக்கிற நோக்கத்தைக் கண்டறியும் ஒரு பயணத்தில் நீங்கள் இருக்கிறீர்கள் என்பது போல ஒரு வாக்கியம். பெரியம்மா கையைக் காட்டி நிறுத்தினார். "அய்யா, யாரு எங்க போறா?" என்றார். நான் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஆண்டவரு என்னை எதுக்குப் படைச்சாருன்னு தெரிஞ்சுக்கிடணும். அதானே?" என்றார். அதேதான். நான் செய்த வாக்கியத்தில் இருந்த எல்லாமும் அதில் இருந்தது. அந்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. அந்தப் புத்தகம் முழுவதும் அப்படிப்பட்ட வாக்கியங்கள். ஆயிரம் பிரதி அச்சாகியிருந்தது.

இன்று கடைகளில் வரும் பக்தி நூல்களில் பெரும்பகுதி மொழிபெயர்ப்பு. பலவற்றில் கருத்து சிறந்தது. எழுதியவர்கள் தேவ பக்தி உள்ளவர்கள். ஆனால் சத்தம் போட்டு ஒரு பக்கம் வாசித்துப் பாருங்கள். மூச்சு எங்கே நிற்பது என்று தெரியாது. அந்தத் தமிழ் எந்த வாயிலும் பிறக்கவில்லை. பதிப்பாளர்களை மன்றாடிக் கேட்கிறேன்: மெய்ப்புத் திருத்துபவருக்கு அனுப்புவதற்கு முன், எழுத்து தெரியாத ஒருவர் முன்னால் உட்கார்ந்து முழுவதையும் வாசித்துவிடுங்கள். இருநூற்றைம்பது ஆண்டுக்கு முன்னால், மின்விளக்கும் இல்லாத வேப்பேரியில் அதற்கு நேரம் இருந்திருக்கிறது.

கைபேசியைப் பற்றிக் கேட்பீர்கள். ஒலி வேதாகமம் பெரிய நன்மை. பார்வை இல்லாதவர்களுக்கும் படுக்கையில் கிடப்பவர்களுக்கும் அது செய்கிற உதவியை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஆனால் அந்தக் குரல் ஒரு வசனத்தை விடவும் விடாது. ஏல, திரும்ப வாசி என்று சொல்ல யாருக்கும் வேலையும் இல்லை. காலையில் வாட்ஸ்அப்பில் வரும் ஒற்றை வசனமும், புத்தாண்டு ஆராதனையில் எடுக்கும் வாக்குத்தத்த அட்டையும் பலருக்கு ஆறுதல். ஜெர்மனியில் ஹெர்ன்ஹூட் என்ற ஊரில் 1728ஆம் ஆண்டு இதைப் போன்ற ஒரு வழக்கம் தொடங்கியது. சின்சென்டார்ஃப் பிரபு நாளுக்கு ஒரு வசனம் கொடுப்பார். சகோதரர்கள் அதை ஊரிலுள்ள முப்பத்திரண்டு வீட்டுக்கும் எடுத்துப்போவார்கள். 1731ஆம் ஆண்டுக்கு அது புத்தகமாகவே அச்சானது. வசனம் கொண்டுபோன சகோதரர் வாசலிலேயே திரும்பிவிட மாட்டார். உள்ளே போய், வீட்டில் யாருக்கு என்ன கஷ்டம் என்று விசாரித்துப் பேசிவிட்டு வருவார். அந்தச் சபையார் சிலர் பிற்பாடு தரங்கம்பாடி அருகே தோட்டம் அமைத்துச் சில பத்தாண்டுகள் வாழ்ந்ததும் உண்டு. நமக்கு வசனம் வருகிறது. கொண்டுவரும் ஆள் வருவதில்லை.

ஆகவே அறக்கட்டளைப் பொறுப்பாளர்களிடம் என் விண்ணப்பம். இந்த ஆண்டுப் பட்டியலில் தலைப்புகளைக் குறையுங்கள். நாற்பது விதமான புத்தகத்தில் ஒவ்வொன்று வாங்கி அலமாரி நிறைப்பதைவிட, நாலைந்து புத்தகம் போதும். பெரிய எழுத்து வேதாகமம், கீர்த்தனை, மோட்சப் பிரயாணம், கிறிஸ்துநாதர் அனுசாரம். ஒரு சபைக்கு ஒவ்வொன்றிலும் இரண்டு பிரதி: ஒன்று வாசிப்பவருக்கு, ஒன்று பக்கத்தில் உட்கார்ந்து விரல் வைத்துப் பின்தொடரும் பிள்ளைக்கு. எங்கே, யாருக்கு, எந்தக் கிழமையில் வாசிக்கப்படும் என்று எழுதிக் கொடுக்கிற சபைக்கு முதலில் கொடுங்கள். மிஞ்சும் பணத்தில் ஒரு நல்ல விளக்கு வாங்கிக் கொடுங்கள்.

இது நடக்குமா என்று தயங்குபவர்களுக்காக ஒன்று சொல்கிறேன். ஆசிரியை அம்மாவின் வீட்டுத் திண்ணையில் இப்போது புதன்கிழமை சாயங்காலம் நாலு பாட்டிமார் கூடுகிறார்கள். ஏழாம் வகுப்புப் படிக்கும் பையன் மோட்சப் பிரயாணம் வாசிக்கிறான். போன வாரம் நானும் ஒரு ஓரத்தில் உட்கார்ந்திருந்தேன். கிறிஸ்தியான் மலைமேல் ஏறுகிற பாதி வழியில் நிழல் மண்டபத்தில் தூங்கிப்போகிறான். கையிலிருந்த சுருள் நழுவி விழுகிறது. அது தெரியாமலே மேலே போய்விடுகிறான். அந்த இடத்தில் பையன் புத்தகத்தை மூடினான். டியூஷனுக்கு நேரமாகிவிட்டது. மூன்று பேர் எழுந்து சேலையைத் தட்டிக்கொண்டார்கள். நாலாவது பாட்டி எழுந்திருக்கவில்லை.

"அந்தச் சீட்டு இல்லாம உள்ள விட மாட்டாங்கல்லா? அத எடுத்துட்டான்னு வாசிச்சிட்டுப் போல, ராசா" என்றார்.

பையன் என்னைப் பார்த்தான். நான் ஒன்றும் சொல்லவில்லை. அவன் திரும்பவும் சம்மணம் போட்டு உட்கார்ந்து, விட்ட இடத்தைத் தேடினான். மற்ற மூன்று பேரும் மறுபடி உட்கார்ந்தார்கள்.